முன்னறை எந்த வலயம்

கம்பளை
2024 ஜூன் 3

கண்ணியத்துக்குரிய மதினி றம்லத் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மனைவி மஸாஹிராவும் அல்லாஹ்வின் கிருபையால் குறைவில்லாமல் இருக்கிறோம். உங்களுக்கும் மகள் நஸ்லியாவுக்கும் அவன் பொறுமையைக் கொடுக்க வேண்டும்.

என் கூடப்பிறந்த உவைஸ் நானா மவுத்தாகி இரண்டு கிழமை ஆகிறது. இத்தாவில் இருப்பதால் அந்நிய ஆண்களோடு போனிலும் பேசமாட்டீர்கள் என்று நஸ்லியா சொன்னாள். மார்க்கத்தில் கணவனின் தம்பியும் அந்நியன்தான். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்துகொண்டு நான் அதை மறுத்துப் பேச முடியாது. அதனால் எழுதுகிறேன். இத்தாக் காலமான நான்கு மாதமும் பத்து நாளும் வாசற்படி தாண்டாமல் இருங்கள். ஊர்க் கண் விதவையின் மேல்தான் முதலில் விழும்.

சொல்ல வேண்டியது இரண்டு. ஒன்று, அக்குறணைக் கடைகளுக்குக் கொடுக்க வேண்டிய அரிசியை உங்கள் முன்னறையில் இறக்கியிருக்கிறேன். ஆட்கள் வந்தபோது நீங்கள் திரைக்குப் பின்னால் இருந்ததால் கேட்க முடியவில்லை. கொஞ்ச நாளைக்குத்தான். அரிசி எனது, வீடு உங்களது என்று பிரித்துப் பார்க்காதீர்கள். தேவையானதை எடுத்துச் சமையுங்கள்.

மற்றது, பிரதேச சபையில் புதிய நகரத் திட்டத்தின் வரைவைப் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். ஊரை நிறம் நிறமாகப் பிரித்திருக்கிறார்கள். மஞ்சள் குடியிருப்பு வலயம், நீலம் வர்த்தக வலயம். பச்சை என்றால் மலைச்சரிவும் ஓடையும், அங்கே ஒரு கல்லும் வைக்க முடியாது. நம் வீடு மஞ்சளில் விழுந்திருக்கிறது. மாத்தளை வீதியிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்கிற காணி மஞ்சளாம். நீலமாக மாற்றச் சொல்லி விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். நானாவுக்கு ஆண் பிள்ளை இல்லாததால் மார்க்கப்படி எனக்கும் அதில் பங்கு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். இத்துடன் வரும் தாளில் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

வஸ்ஸலாம்.
பளீல்


அலவத்துகொட
2024 ஜூன் 10

தம்பி பளீலுக்கு,

வஅலைக்கும் ஸலாம். எங்கள் சுகத்தைக் கேட்டதற்கு நன்றி. கணவன் போன வீட்டில் சுகம் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு இருக்கிறது.

உங்கள் கடிதத்தை நஸ்லியா ஒரு தடவை வாசித்தாள், நான் இன்னொரு தடவை வாசித்தேன். உங்கள் நானாவின் பெயர் ஒரு இடத்தில் வருகிறது, அதுவும் மவுத்தாகி இரண்டு கிழமை என்று கணக்குச் சொல்ல. அவருடைய கபுறில் மண் இன்னும் காயவில்லை. அதற்குள் மஞ்சளும் நீலமும் வந்துவிட்டது.

இரவில் எனக்குத் துணையாகப் படுக்க என் உடன்பிறந்த சகீனா தாத்தாவும் ஒழுங்கையில் அடுத்தடுத்த வீட்டுப் பெண்களும் வருகிறார்கள். பாய் விரிக்க இடமில்லை. மூட்டைக்கு நடுவில் காலை மடக்கிக்கொண்டு படுக்கிறார்கள். எலியும் வந்துவிட்டது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்து இல்லை. நீலமானால் யாருக்கு என்ன லாபம் என்று நீங்கள் எழுதவில்லையே. மஸாஹிராவுக்கு என் ஸலாம்.

றம்லத்


கம்பளை
2024 ஜூன் 19

மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் உங்களுக்கு நல்லபடியாகக் கழிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

கேட்டதால் சொல்கிறேன். கண்டியில் ஒரு முதலாளி அந்தக் காணியில் நான்கு தட்டில் கடைத்தொகுதி கட்ட நினைக்கிறார். நீல வலயமாக இருந்தால்தான் வாங்குவார். மஞ்சள் என்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்கிறார். நஸ்லியா நாளைக்குக் கல்யாணம் முடித்துப் போகிற பிள்ளை. உங்களுக்குச் சகீனா தாத்தா வீட்டில் ஓர் அறை போதாதா?

வலயம் என்பது விளையாட்டுக்குப் போடுவதில்லை மதினி. ஒவ்வொன்றுக்கும் ஒரு நோக்கம் உண்டு. குடியிருப்பு வலயம் ஆட்கள் தூங்குவதற்கு, பிள்ளைகள் படிப்பதற்கு. வர்த்தக வலயம் ஊர் முன்னேறுவதற்கு. கைத்தொழில் வலயம் சத்தத்தையும் புகையையும் ஒரு மூலையில் வைத்துக்கொள்வதற்கு. கீழே கடையும் மேலே வீடும் இருக்க விடுகிற கலப்பு வலயமும் உண்டு. பெறுமதியான காணியைத் தூங்குவதற்கு மட்டும் வைத்திருப்பது வீண்விரயம். கம்பளையில் நாங்கள் கடையோடுதான் இருக்கிறோம். எங்களுக்கு என்ன குறைந்துவிட்டது?

அரிசியை எடுக்க முடியவில்லை. லொறி பழுது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பளீல்


அலவத்துகொட
2024 ஜூலை 1

தம்பி பளீலுக்கு,

அல்லாஹ் உங்களுக்கு நிறைந்த நன்மையைத் தர வேண்டும். காரணம் கீழே இருக்கிறது.

வெள்ளிக்கிழமை உங்கள் நானாவின் நாற்பதாம் நாள் கத்தம். நீங்கள் வரவில்லை, மஸாஹிரா மட்டும் வந்து போனாள். தேவையானதை எடுத்துச் சமையுங்கள் என்று உங்கள் கையால் எழுதியிருந்தீர்கள் அல்லவா. எனக்குத் தேவைப்பட்டது. முன்னறையில் இருந்த அத்தனை மூட்டையையும் பின்வளவுக்கு இழுத்தோம். ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் கைகொடுத்தார்கள். சமைத்தது போக மிஞ்சியதை ஏழை வீடுகளுக்கும் மதரஸாவுக்கும் கொடுத்து அனுப்பினேன். யார் கேட்டாலும், "இது தம்பி பளீல் அவர்ட நானாவுக்காகச் செஞ்ச ஸதகா" என்று சொல்லச் சொன்னேன். மௌலவி உங்கள் பெயரைச் சொல்லி நீளமாக துஆ ஓதினார். நல்ல அரிசி. ஒரு கல் இல்லை.

அதற்கு இரண்டு நாள் முன்னர் ஒருவன் வந்து, முன்னறையை வாசலில் நின்று படம் பிடித்தான். நஸ்லியா கேட்டதற்கு, "பளீல் முதலாளி எடுக்கச் சொன்ன" என்றானாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கம்பளையில் அரிசி வைக்க இடமில்லாமல் போகவில்லை. இந்த வீடு ஏற்கெனவே வியாபார இடமாக இருக்கிறது என்று சபைக்குக் காட்ட ஒரு படம் வேண்டியிருந்தது. நான் இத்தாவில் ஆண்கள் முன் வந்து தடுக்க மாட்டேன் என்று தெரிந்துதான் அங்கே இறக்கினீர்கள்.

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம். உங்கள் பொறுமை துஆவும் அந்த வகைதான்.

றம்லத்


கம்பளை
2024 ஜூலை 4

மதினி,

ஸலாம். சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

மரியாதைக்குச் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு லொறி அரிசியை ஊருக்கு அள்ளிக் கொடுக்கிற பெண்ணை நான் இன்றுதான் பார்க்கிறேன். நேற்று ஜும்ஆ நாள்கூட இல்லை, ஆனாலும் பள்ளியில் நான்கு பேர் வந்து கையைப் பிடித்து, "பளீல் ஹாஜியார், மாஷா அல்லாஹ்" என்கிறார்கள். நான் என்ன சொல்ல? இல்லை, அது என் மதினி களவெடுத்தது என்றா?

படத்தைப் பற்றி உங்களோடு வாதம் செய்ய வரவில்லை. விண்ணப்பம் போய்விட்டது, படமும் போய்விட்டது. உங்கள் கையெழுத்து இல்லாமலும் ஒரு பங்காளி கேட்கலாம் என்று சபையில் சொன்னார்கள். மறுப்பு இருந்தால் விசாரணை வைப்பார்களாம். யார் மறுக்கப் போகிறார்கள் என்று பார்ப்போம்.

பளீல்


அலவத்துகொட
2024 ஜூலை 20

தம்பி பளீலுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நீங்கள் விசாரிக்காவிட்டாலும் நான் சுகம்.

மறுத்துவிட்டேன். பதிவுத் தபாலில் போயிருக்கிறது. என்ன எழுதினேன் என்று உங்களுக்கும் தெரியட்டும். நீங்கள் சொல்லிக்கொடுத்த பாடம்தானே.

இந்த வீட்டில் ஏற்கெனவே எல்லா வலயமும் இருக்கிறது என்று எழுதினேன். புகையும் சத்தமும் குசினியில். பின்வளவில் பலாவும் கறிவேப்பிலையும், அங்கே நான் கல் வைக்க விடுவதில்லை. வியாபாரம் என்றால் நஸ்லியா சம்பளத்தைக் கொண்டுவந்து என்னிடம் தருவது. மிச்ச இடம் இரண்டு பெண்கள் படுத்து எழும்புவதற்கு. அந்த மிச்ச இடத்தின் நோக்கத்தை மாற்றினால் நாங்கள் போவதற்கு ஊரின் வேறு எந்த நிறத்திலும் இடம் இல்லை என்று எழுதினேன். சகீனா தாத்தா வீட்டில் மருமகன் இருக்கிறார், மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கே ஓர் அறை போதும் என்று எழுதியவர் அந்த வீட்டை ஒரு தடவையாவது உள்ளே வந்து பார்த்தீர்களா?

இருபத்தாறு வருடம் இந்த வீட்டில் இருந்திருக்கிறேன். நீங்கள் கடை போட வழியில்லாமல் நின்ற காலத்தில் எட்டு மாதம் இங்கே சாப்பிட்டீர்கள். அதை நான் சொல்லிக்காட்டியதில்லை. இன்றைக்குச் சொல்லிக்காட்டுகிறேன்.

றம்லத்


கம்பளை
2024 ஓகஸ்ட் 12

மதினி றம்லத் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

கண்டிப் பெரஹரா ஊர்வலம் முடிந்த பிறகு, இருபத்தேழாம் திகதி சபைக் கந்தோரில் விசாரணை. உங்களுக்கும் அறிவித்தல் வந்திருக்கும். மறுப்புத் தெரிவித்தவர் நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மறுப்பைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

நீங்கள் வர முடியாது. உங்கள் இத்தா செப்டெம்பர் கடைசியில்தான் முடிகிறது. முறித்துக்கொண்டு வந்தால் ஊர் பேசும். பள்ளி நிர்வாகத்தில் இருக்கிற நானும் பேச வேண்டி வரும், வேறு வழியில்லை.

உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று செயலாளருக்கு நானே தெளிவாக எழுதிவிட்டேன். எங்கள் குடும்பத்துப் பெண் இத்தாவில் இருக்கிறார், வீட்டை விட்டு வெளியேற மாட்டார், வெளி ஆண் எவரும் அவர் இருக்கும் வீட்டுக்குள் போவதும் அவரோடு பேசுவதும் எங்கள் மார்க்கத்தில் கூடாது, ஆகவே அந்த வீட்டின் சார்பில் நானே பேசுவேன் என்று. பள்ளி முத்திரையும் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

இனியாவது பிடிவாதத்தை விடுங்கள். நஸ்லியாவின் கல்யாணச் செலவுக்கு நான் ஒரு வழி பண்ணுகிறேன்.

பளீல்


அலவத்துகொட
2024 ஓகஸ்ட் 22

தம்பி பளீலுக்கு,

வஅலைக்கும் ஸலாம். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. கம்பளையிலும் அப்படித்தான் இருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதிய கடிதத்தைச் செயலாளர் மிகவும் மதித்திருக்கிறார். அவருடைய பதில் நேற்று எனக்கு வந்தது. மறுப்பாளர் மார்க்கக் கடமையில் இருப்பதால் விசாரணையை அவருடைய வீட்டிலேயே நடத்துகிறார்களாம். அதே நாள், காலை பத்து மணி. இடத்தைப் பார்த்ததாகவும் ஆகும் என்று போட்டிருக்கிறார்.

வெளி ஆண்கள் உள்ளே வரக்கூடாது என்று நீங்கள் முத்திரை வைத்துச் சொன்னதால், சபையின் திட்டமிடல் உத்தியோகத்தரை அனுப்புகிறார்கள். அவருடைய பெயர் ஷிராணி. பெண்.

விண்ணப்பதாரரும் சமுகமளிக்கலாம் என்று கடைசியில் இருக்கிறது. கட்டாயம் வாருங்கள். வாசல் வரைக்கும்.

றம்லத்


கம்பளை
2024 ஓகஸ்ட் 29

மதினி,

கடமைக்காக மட்டும் ஸலாம்.

ஒன்றரை மணித்தியாலம் ஒழுங்கையில் நின்றேன். மழையில். நஸ்லியா குடை கொண்டுவந்தாள், வாங்கவில்லை. உள்ளே போகக் காலை எடுத்தால், ஒழுங்கைப் பெண்கள் வாசலை மறித்துக்கொண்டு, "நீங்கதானே ஹாஜியார் கூடாதென்டு எழுதின" என்கிறார்கள். அந்த ஷிராணி மிஸ்ஸும் கடிதத்தை எடுத்துக் காட்டி, "உங்க கையெழுத்துதானே சேர்?" என்று கேட்டாள். ஒரு கிறிஸ்தவப் பெண் எனக்கு இத்தாவைச் சொல்லித் தருகிறாள். பார்த்துக்கொண்டு நின்ற பொடியன்கள் எல்லாம் சிரித்தான்கள்.

உள்ளே என்ன பேசினீர்கள்? என்னைப் பற்றி என்ன சொன்னீர்கள்? என் பக்கத்து நியாயத்தை ஒழுங்கையிலிருந்து கத்திச் சொல்ல வேண்டி இருந்தது. மழைச் சத்தத்தில் பாதி கேட்டிருக்காது.

இதை நான் மறக்க மாட்டேன். இந்த உறவு நானாவோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பளீல்


அலவத்துகொட
2024 செப்டெம்பர் 12

தம்பி பளீலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நனைந்ததில் தடிமன் பிடித்திருக்கும் என்று மஸாஹிரா நஸ்லியாவுக்குச் சொல்லியிருக்கிறாள். கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள்.

உள்ளே என்ன நடந்தது என்று கேட்டீர்கள். உங்களைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஷிராணி மிஸ் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்து முன்னறைக் கதிரையில் இருந்தார். நீங்கள் அனுப்பிய முன்னறைப் படத்தை எடுத்து ஒரு கையில் வைத்துக்கொண்டு, "இந்த மூட்டைங்க எல்லாம் எங்க?" என்று கேட்டார். சகீனா தாத்தா, "சாப்பிட்டுட்டோம் மிஸ்" என்றார். பிறகு எழும்பி ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். ஒழுங்கையின் அகலத்தை அளந்தார். நீலம் வீதியோரத்து முதல் வரிசையோடு நிற்கிறது, அதற்குப் பின்னால் இருக்கும் வீடுகளுக்கு லொறிச் சத்தம் வராமல் இருக்கத்தான் அந்தக் கோடு, ஒரு வீட்டுக்காக அதை வளைத்தால் ஒழுங்கை முழுக்க வளைக்கச் சொல்வார்கள் என்றார். நேற்று எழுத்தில் வந்துவிட்டது. மஞ்சள் மஞ்சளாகவே இருக்கிறது.

இப்போது நான் சொல்ல வேண்டியது. திரை இடுக்கால் உங்களைப் பார்த்தேன். ஒரு கையை இடுப்பில் வைத்து, தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றீர்கள். உங்கள் நானா பஸ்ஸுக்கு நிற்பது அப்படியே. இந்த மனிதனிடம் அவருடைய நிற்பு இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லையே என்று அழுதேன். மூன்று மாதமாக எழுதுகிறீர்கள். அவர் கடைசி நேரத்தில் என்ன சொன்னார், தண்ணீர் கேட்டாரா, என்னைத் தேடினாரா, ஒரு வரி கேட்டீர்களா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். உங்களைத்தான் கேட்டார்.

உங்கள் பங்கை நான் மறுக்கவில்லை. அல்லாஹ் கொடுத்த பங்கை நான் யார் மறுக்க. முன்னறை உங்கள் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்குத் தனிக் கதவும் உண்டு. இது குடியிருப்பு வலயம், அதன் நோக்கம் தூங்குவது என்று நீங்களே எழுதினீர்கள். வந்து தூங்குங்கள். விற்கவும் முடியாது, மூட்டை அடுக்கவும் முடியாது. மஸாஹிராவையும் கூட்டிக்கொண்டு வந்து மனிதர்களாக இருங்கள்.

றம்லத்


கம்பளை
2024 ஒக்டோபர் 7

மதினி,

ஸலாம்.

முன்னறையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி வேறு காணி பார்த்துக்கொண்டு போய்விட்டார். உங்கள் ஆசை நிறைவேறியது.

இது வேறு விஷயம். மஸாஹிரா தெல்தெனியவில் அவளுடைய தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லி வெள்ளிக்கிழமை போனாள். தங்கையிடம் கேட்டால் வரவே இல்லை என்கிறாள். மஸாஹிராவின் போன் வேலை செய்யவில்லை. நஸ்லியாவும் என் போனை எடுப்பதில்லை. உங்கள் பக்கம் வந்தாளா? ஒரு வரி எழுதுங்கள், அல்லது நஸ்லியாவைப் பேசச் சொல்லுங்கள். கடையில் சாப்பாட்டுக்கும் ஆள் இல்லை.

பளீல்


அலவத்துகொட
2024 ஒக்டோபர் 10

தம்பி பளீலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தேட வேண்டாம், மஸாஹிரா இங்கேதான் இருக்கிறாள். சுகமாக இருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு ஒரு பையோடு வந்தாள். என் கடிதத்தை உங்கள் மேசையில் வாசித்தாளாம். "மதினி, அந்த முன்னறை எங்கட பங்குதானே, நான் அதில் படுக்கலாமா" என்று கேட்டாள். படுத்தவள் மறுநாள் பகல் லுஹர் வரைக்கும் எழும்பவில்லை. பயந்துபோய் இரண்டு தடவை மூச்சு வருகிறதா என்று பார்த்தேன்.

எழும்பிய பிறகு சொன்னாள். முதலில் விறாந்தையில் மூட்டை வைத்தீர்களாம். பிறகு உள்ளே கூடத்தில். பிறகு விருந்தாளி அறையில். போன வருடம் படுக்கையறைக்கும் வந்ததாம், கட்டிலைச் சுவரோடு தள்ளிவிட்டு. அவள் முணுமுணுத்ததற்கு, பிள்ளை இல்லாத வீட்டுக்கு எத்தனை அறை வேண்டும் என்று கேட்டீர்களாம். அதை அவள் சொல்லும்போது அழவில்லை. எனக்குத்தான் தாங்க முடியவில்லை. இவ்வளவு நாளும் என்னை வீட்டை விட்டுக் கிளப்பத்தான் பார்க்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளை எப்போதோ கிளப்பிவிட்டீர்கள், வாசலுக்கு வெளியே அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

ஆள் அனுப்பாதீர்கள். பள்ளி நிர்வாகத்தையும் அனுப்பாதீர்கள். அறை உங்கள் பங்கு, படுத்திருப்பவள் உங்கள் மனைவி, வலயமும் அதற்கென்று போட்டதுதான். யாரும் தடை சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

நீங்கள் வருவதானால் வரலாம். என் இத்தா முடிந்துவிட்டது, இனி மார்க்கத்தைச் சொல்லி நான் உங்களை வாசலில் நிறுத்த மாட்டேன். ஆனால் அந்த முன்னறைக் கதவைப் பூட்டும் திறப்பு மஸாஹிராவிடம் இருக்கிறது.

வஸ்ஸலாம்.
றம்லத்